நோய்ப்பட்ட பூனை, ஏறிக்கொண்டே போகும் பில்: எங்கே காட்டுவது, எதுவரை செலவு செய்வது?

எதிர்வீட்டு அக்கா போன வாரம் ஒரு மஞ்சப்பை நிறைய பில்லோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக் கடுவன் பூனைக்கு ஐந்து வயது. மூத்திரம் அடைத்து, பொள்ளாச்சியில் ஒரு கிளினிக்கில் டியூப் போட்டு எடுத்தார்கள். நாற்பது நாளில் மறுபடியும் அடைத்துவிட்டது, மறுபடியும் டியூப். இதுவரை பதினோராயிரத்துச் சொச்சம். "இன்னும் செலவு பண்றதா, வேற எங்கியாச்சும் கொண்டுட்டுப் போறதா, இல்ல அதுபாட்டுக்கு விட்டுடறதா? நீ ரெண்டு பூனையப் பாத்தவ, சொல்லு கண்ணு" என்றார்.

கேரள எல்லையோர மீனாட்சிபுரத்தில் இருக்கிற எங்களுக்கு வழி ஒன்றல்ல, நாலைந்து. தெருவுக்குப் பக்கத்தில் கேரள அரசின் மிருகாஸ்பத்திரி. அரை மணி பஸ்ஸில் பொள்ளாச்சியின் தனியார் கிளினிக்குகள். அதைத் தாண்டினால் உடுமலையில் 2020இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. மேற்கே திருச்சூர்ப் பக்கம், 1955 முதல் இருக்கிற மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. இத்தனை இருந்தும் பதற்றத்தில் நாம் போவது போனமுறை போன இடத்துக்குத்தான். நானும் அப்படித்தான் போய்ப் பணத்தையும் நாளையும் விட்டேன். அதனால் அக்காவிடம் திண்ணையில் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

## இடத்தைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

நேரம் தாங்குமா? கடுவன் பூனை மண்தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது மணிக்கணக்கு விவகாரம். கடுவனுக்கு மூத்திரக்குழாய் மிகக் குறுகல். சளியும் உப்புப் பொடியும் சேர்ந்து அடைத்தால் சிறுநீர்ப்பை கல்லாக இறுகும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவது, மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையைத் தின்றுவிட்டது, நாய்க்கு உண்ணி போக விடும் பெர்மெத்ரின் மருந்து மேலே பட்டது, இவையும் அப்படியே. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது, ஒரே ஒரு மாத்திரை கொல்லும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், அதையும் தள்ளிப்போடக் கூடாது. ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு ஓடியாடித் திரிகிற பூனைக்கு மட்டும் நாளைக் காலை வரை பொறுக்கலாம்.

முடிகிற நோயா, கூடவே வாழ்கிற நோயா? நான் கேட்கத் தவறியது இதைத்தான். காயம், அடைப்பு, கர்ப்பப்பைச் சீழ், கண் நோய் இவையெல்லாம் வைத்தியத்துக்கு ஒரு முடிவு உள்ளவை. அங்கே ஒரே தடவையில் பெரிய தொகை போனாலும் அதற்குப் பொருள் உண்டு. எஃப்ஐபி என்று டாக்டர்கள் சொல்லும் வயிற்றில் நீர் கோக்கும் நோயும் இப்போது இந்த முடிவுள்ள நோய்களின் பக்கம் வந்துவிட்டது. சில வருஷம் முன்புவரை அது வந்தால் சாவுதான். 2019இல் அமெரிக்காவில் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 25 பிழைத்து நின்றன. 84 நாள் ஊசியோ மாத்திரையோ விடாமல் போக வேண்டும், பூனையின் எடை ஏற ஏற மருந்தும் ஏறும். செலவு பெரிது, ஆனால் ஒரு கரை தெரியும்.

சிறுநீரகம் தேய்வது, சர்க்கரை, தைராய்டு இவை அப்படியல்ல. இவற்றோடு பூனை வருஷக்கணக்கில் வாழலாம். இங்கே பார்க்க வேண்டியது மாதச் செலவு. முதல் வாரமே இருபதாயிரத்தைக் கொட்டிவிட்டு மூன்றாம் மாதம் மருந்து வாங்கக் காசில்லாமல் நின்றால் அந்த இருபதாயிரமும் வீண்.

ஆகவே டாக்டரிடம் முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்று இருக்க வேண்டாம். "இது குணமாகிற நோயா, பராமரிக்கிற நோயா?" என்று கேளுங்கள். எவ்வளவு என்பதை அதன் பிறகு கேளுங்கள்.

பில்லில் எழுதாத செலவு. ஆட்டோ, கார் வாடகை, டோல், போன கூலி. நான் தையல்கடை வைத்திருக்கிறேன், ஒரு நாள் பூட்டினால் அந்த நாள் வருமானம் போச்சு. இதோடு கடியையும் சேர்க்க வேண்டும். வலியில் இருக்கிற பூனை வளர்த்தவர் கையையும் கடிக்கும். கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசில்லை, ஆனால் 0, 3, 7, 28 என்று நாலு நாள் போய்வர வேண்டும்.

வீட்டில் கை இருக்கிறதா? பூனையைப் பிடிக்க ஒருவர், மருந்து கொடுக்க ஒருவர். எல்லோரும் வேலைக்குப் போகிற வீட்டில் நாளைக்கு மூன்று வேளை மருந்து என்பது நடக்காது. அதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் வேளை குறைந்த மருந்தாகப் பார்த்து எழுதுவார்.

## ஊர் மிருகாஸ்பத்திரி

தமிழ்நாட்டுப் பக்கம் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். சீட்டுக்குப் பேருக்கு ஏதோ வாங்குவார்கள், அவ்வளவுதான். பூனைக்கு என்ன பார்ப்பார்கள் என்று அலட்சியமாக நினைக்கிறவர்கள் அதிகம், நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் கடுவன் பூனை சின்னானுக்கு முதல் அடைப்பு வந்தபோது மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டேன். மறுநாள் காலை மிஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணியில் மிளகு அளவு ரத்தச் சொட்டு இரண்டு. அதைப் பார்த்த பிறகுதான் கூடையில் போட்டு ஓடினேன். டாக்டர் வயிற்றை இரண்டு விரலால் தொட்டார், ஆரஞ்சுப் பழம் மாதிரி உருண்டு நின்றது. மெல்லிய ஊசியை வெளியிலிருந்தே சிறுநீர்ப்பைக்குள் விட்டு மூன்று சிரிஞ்சு நிறைய சிவந்த மூத்திரத்தை எடுத்தார். "சேச்சி, இது இங்க நிக்காது. டியூப் போடணும், ட்ரிப் ஏத்தணும். இப்பவே பொள்ளாச்சிக்குப் போங்க, நான் விளிச்சுச் சொல்றேன்" என்றார். அந்த அரை மணி நேர வேலைதான் சின்னானைப் பஸ் பயணம் தாங்க வைத்தது.

தடுப்பூசி, பூச்சி மருந்து, காயம், சீழ்க்கட்டி, சாதாரணக் கழிச்சல், தையல் பிரிப்பது, முதல் உதவி, எங்கே போக வேண்டும் என்ற யோசனை, இவை எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் இடம். குறையும் உண்டு. ஒரே டாக்டர். மாட்டுக்குப் பிரசவம் என்று அழைப்பு வந்தால் கிளம்பிவிடுவார், அவர் வேலையின் முதல் கடமை அது. மத்தியானத்துக்கு மேல் ஆள் இருப்பது நிச்சயமில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு வெளியே போகச் சொல்வார்கள். போன் பண்ணிவிட்டுப் போனால் பாதிக் காத்திருப்பு மிச்சம்.

## தனியார் கிளினிக்

இங்கே காசு கொடுத்து வாங்குவது நேரத்தை. சாயங்காலம் ஏழு மணிக்கும் ஆள் இருக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஒரே கூரைக்குள் நடக்கும், ராத்திரி தங்க வைத்துப் பார்ப்பார்கள். அடைப்புக்கும் மூச்சுத் திணறலுக்கும் விஷத்துக்கும் இதைவிட நல்ல இடம் நமக்குப் பக்கத்தில் கிடையாது. சின்னானை மூன்று நாள் வைத்திருந்து காப்பாற்றித் தந்தார்கள், அந்த 7,200 ரூபாயை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன்.

சிக்கல் இரண்டாவது தடவையில் வருகிறது. ஐந்து வாரத்தில் மறுபடி அடைத்தது, மறுபடி டியூப், 6,500 ரூபாய். மூன்றாவது தடவை அடைக்காது என்பதற்கு என்ன வழி என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. டியூப் என்பது அடைப்பை எடுக்கும், அடைக்கும் காரணத்தை எடுக்காது. அந்த இரண்டாம் பில்லைக் கட்டின அன்றே நான் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும்.

எங்கள் கிழட்டுப் பூனை வெள்ளச்சி விஷயத்தில் வருத்தம் இன்னும் பெரிது. பதினாலு வயது, சிறுநீரகம் தேய்ந்துபோனது என்று தெரிந்துவிட்டது. வேறொரு கிளினிக்கில் ஒரே வாரத்தில் மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். மூன்று ரிப்போர்ட்டிலும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏறக்குறைய ஒன்றே, மருந்தும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் காலை மழித்து ஊசி குத்தியதுதான் மிச்சம். சிறுநீரக வேலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறவே ஆரம்பிக்கும். அந்த நிலைக்கு வந்த கிழப்பூனைக்கு, உடல்நிலை மாறாமல் இருக்கும்போது அத்தனை தடவை எடுத்து என்ன தெரியப் போகிறது?

அதனால் ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் "இதன் முடிவு எப்படி வந்தால் என்ன மாத்துவீங்க டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்றைக்கு அவசியமானது எது, ஒரு வாரம் பொறுக்கக்கூடியது எது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். கையில் இருக்கிற தொகையையும் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்குள் எது செய்தால் பூனைக்கு அதிகப் பயன் என்று அவரால்தான் சொல்ல முடியும். ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். அடுத்த இடத்தில் அதே சோதனைக்கு மறுபடி காசு கொடுப்பது அதில் தவிரும்.

## கல்லூரி ஆஸ்பத்திரி

மூன்றாம் அடைப்புக்கு மண்ணுத்தி போனோம். கொல்லங்கோடு, நெம்மாறா, வடக்கஞ்சேரி, பன்னியங்கரை டோல், குதிரான் சுரங்கம். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் இங்கேயே ஊசியால் மூத்திரத்தை எடுத்துவிட்டு, டாக்டர் சரி என்ற பிறகே கிளம்பினோம். அடைத்த பூனையை அப்படியே அவ்வளவு தூரம் கொண்டுபோகாதீர்கள்.

கல்லூரி ஆஸ்பத்திரிகளில் முதலில் மாணவர்கள் வருவார்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள். பிறகு பேராசிரியர் வந்து பார்ப்பார். ஒரு நாள் முழுசாகப் போகும் என்று நினைத்து, சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் அறுவை, மயக்க மருந்து, ஸ்கேன் என்று தனித்தனித் துறை இருக்கிறது. ஒரு பூனையின் பழைய பில்லை எல்லாம் விரித்து வைத்து ஆற அமரப் பேசுகிற நேரம் அங்கே கிடைத்தது. மூத்திரக்குழாயின் குறுகலான கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு அகலமான வாய் வைக்கிற அறுவையை அங்கேதான் சொன்னார்கள். அதன் பின்னும் சிறுநீர்த் தொற்று வரலாம், தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும், ஆனால் அந்தக் குறுகலில் அடைப்பது பெரும்பாலும் நின்றுவிடும் என்றார் பேராசிரியர்.

அறுவையும் மருந்தும் சேர்த்து 4,300 ரூபாய். கார் வாடகை இரண்டு தடவைக்கு 7,000. ஆஸ்பத்திரிச் செலவைவிட வழிச் செலவு அதிகம், இதைக் கணக்கில் வைக்காமல் "அங்கே மலிவு" என்று யாரும் சொல்லக் கூடாது. நாங்கள் மிச்சம் பிடித்தது தையல் பிரிக்கிற பயணத்தில். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிவந்து, ஊர் மிருகாஸ்பத்திரியிலேயே பிரித்துக்கொண்டோம். புண் ஆறும்வரை தட்டில் மணல் போடாமல் கிழித்த நியூஸ்பேப்பர் போடச் சொன்னார்கள், மணல் தையலில் ஒட்டுமாம்.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே இருக்கிறவர்களுக்கு உடுமலைதான் கிட்ட. எதுவானாலும் கிளம்பும் முன் போன் செய்து, எந்தக் கிழமை எந்த ஓபி, அந்த அறுவை செய்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

## வீட்டிலேயே பார்ப்பது

நோயைப் பார்க்காமல் விடுவது இதில் சேராது. டாக்டர் நோயைக் கண்டு, அளவு எழுதிக் கொடுத்த பிறகு தினப்படி வேலையை நாம் ஏற்றுக்கொள்வதைத்தான் சொல்கிறேன். வெள்ளச்சிக்குக் கடைசி ஏழு மாதம் இப்படித்தான் போனது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கு அடியில் 100 மில்லி ரிங்கர் லாக்டேட், அதாவது ட்ரிப்பில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர். அரை லிட்டர் பாட்டில் மெடிக்கலில் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது, அஞ்சு தடவைக்கு வரும். ராத்திரி எட்டு மணிக்குக் கடை சாத்தியதும் பாட்டிலை வெந்நீர்க் குண்டானில் கொஞ்சம் நேரம் போட்டு, கைமணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். பிறகு ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். மகள் வெள்ளச்சியை மடியில் வைத்துத் தாடையைச் சொறிந்துகொண்டிருப்பாள். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அந்தக் குழியில் ஊசி. முதல் வாரம் என் கை நடுங்கியது. பத்தாவது நாளில் அவளே பாட்டிலைப் பார்த்ததும் மடிக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். தண்ணீர் தோளில் திமில் மாதிரி நிற்கும், தூங்கி எழுவதற்குள் முன்னங்கால் பக்கம் இறங்கி, காலையில் கரைந்துபோயிருக்கும். அடுத்த நாள் மத்தி மீன் தலையை முகர்ந்து பார்ப்பாள், சில நாள் தின்னவும் செய்வாள்.

அளவை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இதய நோய் உள்ள பூனைக்கு இதே தண்ணீர் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். தூங்கும்போது மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேல் போனால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஊசியை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். மாதச் செலவு எங்களுக்கு வாந்தி மாத்திரை, ஈரத் தீனி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்க்குள் அடங்கியது. இதன் உண்மையான விலை, ஏழு மாதம் நான் எந்தக் கல்யாணத்துக்கும் ராத்திரி தங்கப் போகாதது.

## அமைதியாக அனுப்பி வைப்பது

பேசத் தயங்குகிற வழி இது, ஆனால் பட்டியலில் வைத்தே ஆக வேண்டும். தின்பதும் இல்லை, தன்னை நக்கிச் சுத்தம் செய்வதும் இல்லை, யாரையும் தேடி வருவதும் இல்லை, வைத்தியத்திலும் இனி ஏதுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், செலவைத் தொடர்வது பூனைக்காக இல்லை. முதலில் மயக்க ஊசி, தூங்கிய பிறகு மற்ற ஊசி. வெள்ளச்சிக்கு ஊர் டாக்டரே ஓபி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து போட்டார். அவளுக்குப் பயணம் இல்லை, கூண்டு இல்லை, என் மடியிலேயே இருந்தாள்.

காசு தீர்ந்ததற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள். குணமாகக்கூடிய அடைப்புக்கு இது வழியல்ல. அக்கா சொன்ன "அதுபாட்டுக்கு விட்டுடறது" எதிலும் சேராது. சந்தையிலோ ரயில்வே ஸ்டேஷனிலோ கொண்டுபோய் விடுவது பசியால் சாகடிப்பது, 1960ஆம் வருஷ விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அது குற்றமும் கூட.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு நல்லது | மறைந்த செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|
| ஊர் மிருகாஸ்பத்திரி | முதல் உதவி, காயம், தடுப்பூசி, தையல் பிரிப்பு | காத்திருப்பு, வெளி மருந்து | ராத்திரி அவசரம் |
| தனியார் கிளினிக் | அடைப்பு, மூச்சுத் திணறல், விஷம் | தங்கும் நாள் வாடகை, திரும்பத் திரும்பப் பரிசோதனை | நீண்ட நாள் நோயின் தினப்படிக் கவனிப்பு |
| கல்லூரி ஆஸ்பத்திரி | அறுவை, திரும்பத் திரும்ப வரும் நோய், பிடிபடாத நோய் | கார், டோல், ஒரு நாள் கூலி | பயணம் தாங்காத பூனை |
| வீட்டுப் பராமரிப்பு | சிறுநீரகத் தேய்வு, கிழப்பூனை | நம் நேரம், தூக்கம் | நோய் என்னவென்று தெரியாதபோது |
| அமைதியான முடிவு | மீள வழியில்லாத வேதனை | மனசு | குணமாகிற நோய் |

இன்சூரன்ஸ் பற்றியும் அக்கா கேட்டார். ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்குப் பொதுவாகக் கிடைக்காது. ஆரோக்கியமாக இருக்கும் குட்டிக்கு எடுப்பது வேறு. அந்தப் பணத்தை மாதாமாதம் சீட்டுப் போடுவது போலத் தனி டப்பாவில் போட்டுவைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி, கடுவனுக்குக் கருத்தடைச் செலவும் தடுப்பூசியும் அதிலிருந்தே போகும்.

அக்காவின் பூனைக்கு வயது ஐந்து, இதயம் நன்றாக இருக்கிறது, இரண்டு தடவை அடைத்துவிட்டது, இப்போது மூத்திரம் போகிறது. பயணம் தாங்கும் என்று நேற்று ஊர் டாக்டரும் பார்த்துச் சொல்லிவிட்டார். மண்ணுத்திக்குப் போன் செய்தாகிவிட்டது. பில்லை எல்லாம் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். கொல்லங்கோட்டிலிருந்து நாய்க்குட்டி கொண்டுபோகிற இன்னொரு வீட்டாரும் அதே காரில் வருகிறார்கள், வாடகை பாதியாகும். புதன்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். நானும் கூடப் போகிறேன், கடைக்கு அன்று லீவு.